ஆரோகார்டும் ஸ்கேனரும்: குயிலாப்பாளையத்தின் இரண்டு கணக்குகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடியில் திரும்பி மேற்கே போனால் சில நிமிடங்களில் குயிலாப்பாளையம் வந்துவிடும். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். செம்மண் நிலம், முந்திரித் தோப்பு. வடக்கே மரக்காணம் உப்பளம், தெற்கே புதுச்சேரி. வாடகை ஸ்கூட்டரில் வந்து இறங்கும் சென்னை, பெங்களூர்ப் பயணிகளுக்கு இங்கே ஊர் எங்கே முடிகிறது, ஆரோவில் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. காசு கொடுக்கும் நேரம் வந்தால் பிடிபட்டுவிடும். ஒரு கடையில் 'ஸ்கேனர் அங்க மாட்டியிருக்கு பாருங்க' என்பார்கள். சற்றுத் தள்ளி இன்னொரு வாசலில் 'ஆரோகார்டு இருக்கா, அக்கவுண்ட் நம்பர் இருக்கா?' என்று கேட்பார்கள்.

இரண்டுமே ரொக்கத்தை ஒதுக்கிய முறைகள். ஒன்று அரை நூற்றாண்டுக்கு முந்திய ஓர் ஆன்மிக லட்சியத்திலிருந்து வந்தது. மற்றது 2016-இல் பிறந்து, பத்தாண்டுக்குள் இளநீர் வண்டி வரைக்கும் வந்துவிட்டது. இப்படி இரண்டு பரிமாற்ற முறைகள் ஒரே சாலையில் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தொழில்நுட்பத்தை ஒப்பிட உட்காருகிறவர்கள் வழக்கமாக வேகத்தையும் வசதியையும் அளப்பார்கள். இங்கே அன்றாடம் புழங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வேகம் பேச்சிலேயே வருவதில்லை. கணக்கு யார் கையில் இருக்கிறது, தொகை யார் காதில் விழுகிறது, பிசகு நடந்தால் யாரிடம் போய் நிற்பது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஆரோவில் முறையை முதலில் பார்ப்போம், அதுதான் மூத்தது. அன்னை என்று அழைக்கப்படும் மிர்ரா அல்ஃபாஸா 1954-இல் எழுதிய 'ஒரு கனவு' என்ற சிறு குறிப்பில், பணம் எஜமானாக ஆட்சி செய்யாத ஓர் இடத்தை விவரித்தார். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு கலசத்தில் இட்டு ஆரோவில் தொடங்கப்பட்டது. நகரத்துக்குள் பணம் கைமாறக் கூடாது, வெளியுலகத்தோடு கொடுக்கல் வாங்கலுக்கு மட்டுமே பணம் என்பது அவர் வகுத்த ஏற்பாடு.

லட்சியம் எதுவானாலும் அரிசி வாங்க வேண்டும், சைக்கிளுக்கு டியூப் வாங்க வேண்டும். அதற்குக் கண்டுபிடித்த வழி கணக்கு எண். ஆரோவில்வாசி ஒவ்வொருவருக்கும் ஆரோவிலின் நிதிச் சேவை அலுவலகத்தில் ஒரு கணக்கு உண்டு. கடையில் பொருளை எடுத்துக்கொண்டு எண்ணைச் சொன்னால் அதில் பற்று விழும். ஆரோவிலுக்காக வேலை செய்கிறவருக்கு மாதம் தரப்படும் 'மெயின்டனன்ஸ்' தொகையும் இந்தக் கணக்கில்தான் ஏறும். அதிலும் ஒரு பகுதி ரொக்கமாக எடுக்கக்கூடியது, ஒரு பகுதி பொருளாகவும் சேவையாகவும் மட்டுமே தீர்க்கக்கூடியது. விருந்தினருக்கும் இதே வழிதான்: தற்காலிகக் கணக்கு, அல்லது முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் ஆரோகார்டு. ஆக, இந்த முறையின் அடிப்படைக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. ஒரு பேரேடும், ஆளை அடையாளம் தெரிந்த ஒரு குமாஸ்தாவும் போதும். மென்பொருள் வந்தபோது பேரேட்டின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

யூபிஐயின் கதை எல்லோரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2008-இல் அமைக்கப்பட்ட தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் உருவாக்கிய முறை. 2016 ஏப்ரல் 11 அன்று அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கிவைத்தார். ஆகஸ்டில் வங்கிகளின் செயலிகள் வந்தன. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. மறு ஆண்டு கூகுள் 'தேஸ்' என்ற பெயரில் நுழைந்து, 2018-இல் 'கூகுள் பே' ஆயிற்று. இன்று இந்தப் பக்கத்தில் எந்தச் செயலியில் அனுப்பினாலும் 'ஜிபே பண்ணிட்டேன்' என்றுதான் சொல்கிறார்கள், போன்பேயில் அனுப்புகிறவர் உட்பட. 2025 ஆகஸ்டில் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடிப் பரிமாற்றங்கள், ஏறத்தாழ 25 லட்சம் கோடி ரூபாய். அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போன்பே, கூகுள் பே என்ற இரண்டே நிறுவனங்களின் செயலி வழியாகப் போகிறது. எந்த ஒரு செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கழகத்தின் விதி பலமுறை தள்ளிப்போடப்பட்டு, கடைசியாக 2026 டிசம்பர் என்று நிற்கிறது.

குயிலாப்பாளையத்துக்கு யூபிஐயைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் வாரக்கடைசிப் பயணிகள். ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பையன் பர்ஸ் இல்லாமல் வருகிறான், கையில் போன் மட்டும். அவனுக்குக் காபி விற்க வேண்டுமென்றால் ஸ்கேனர் மாட்டித்தான் ஆக வேண்டும். வெளியாட்களை நம்பி விற்கும் ஆரோவில் கடைகள் பலவற்றிலும் இப்போது கியூஆர் அட்டை இருப்பது இதே காரணத்தால். லட்சியவாதம் ஒருபக்கம் இருக்க, சனிக்கிழமை வியாபாரம் ஒன்று இருக்கிறது அல்லவா.

ஒப்பீடு எனக்குச் சுவாரசியமாகப் படுவது சத்தத்தில். ஆரோவில் முறை மௌனமானது. கார்டைக் காட்டுகிறோம், எண்ணைச் சொல்கிறோம், யாரோ தட்டச்சு செய்கிறார்கள், முடிந்தது. எவ்வளவு போயிற்று என்பது பிறகு கணக்கு அறிக்கையில் தெரியும். அங்கே நெடுநாள் வாழ்கிறவர்களுக்கு இந்த மௌனம்தான் பிடிக்கும். வாங்குமிடத்தில் பணத்தைப் பற்றிய பேச்சே எழாமல் இருப்பதே பாதி லட்சியம் நிறைவேறியதற்குச் சமம் என்று நினைக்கிறார்கள். நாலு நாள் தங்க வந்த விருந்தினருக்கு அதுவே எரிச்சல்: கார்டில் எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை, எவ்வளவு ஏற்றுவது என்று புரியவில்லை, கவுண்டர் மூடுவதற்குள் மிச்சத்தைத் திரும்ப வாங்க ஓட வேண்டியிருக்கிறது.

ஊர்க்கடையில் இதற்கு நேர் எதிர். கல்லா ஓரத்தில் ஒரு சவுண்ட் பாக்ஸ், யார் எவ்வளவு கொடுத்தாலும் தெருவுக்கே கேட்கும்படி தமிழில் அறிவிக்கிறது. இந்தப் பெட்டி ஏன் வந்தது என்று யோசித்தால் இந்தியச் சில்லறை வியாபாரத்தின் குணம் தெரியும். பணம் போனதாகத் திரையில் பச்சை டிக் காட்டிவிட்டுக் கிளம்பிய வாடிக்கையாளர்கள் எல்லோரும் உண்மையில் பணம் அனுப்பியவர்கள் இல்லை. அசல் செயலி போலவே தோன்றும் போலிச் செயலிகள் வந்துவிட்டன. பழைய பரிமாற்றத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கூட்ட நேரத்தில் ஒவ்வொரு திரையையும் எட்டிப்பார்க்கக் கடைக்காரருக்கு முடியாது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் தாமதமாக. மீன் அறுக்கிற கையோடு, பூக்கட்டுகிற விரலோடு போனை எடுத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே காது.

என்னைக் கேட்டால், தமிழில் எழுதப் படிக்கத் தெரியாதவர், யாருடைய உதவியும் இல்லாமல், முழுமையாகப் பயன்படுத்துகிற தமிழ் மென்பொருள் இந்தச் சவுண்ட் பாக்ஸ்தான். அதை யாரும் மென்பொருள் என்று நினைப்பதுகூட இல்லை. தமிழ்க் கணினி மாநாடுகளில் எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் செலவிட்ட மூச்சில் கொஞ்சம் இந்தப் பெட்டியின் மீதும் விழுந்திருக்கலாம்.

கடைக்காரர்களின் குறை வாடகை. பெட்டிக்கு மாதாமாதம் ஒரு தொகை பிடித்துக்கொள்கிறார்கள். பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2020 ஜனவரி முதல் இருக்கிறது. ஆனால் பெட்டி வாடகை வேறு கணக்கு. நாளைக்கு நூறு டீ விற்கிறவருக்கு அது உறுத்தும். வாங்குகிறவர்களின் குறை வேறு. மருந்துக் கடையில் நின்று நாலாயிரம் ரூபாய் கொடுக்கும்போது அதை உரக்கச் சொல்வது யாருக்குப் பிடிக்கும்? 'எவ்ளோ செலவு பண்றான்னு ஊருக்கே தெரியுது' என்பது இளைஞர்களின் அங்கலாய்ப்பு.

இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், மௌனம் வசதியுள்ளவருக்குப் பொருந்துகிற ஏற்பாடு என்றுதான் சொல்வேன். கணக்கில் பணம் இருக்கும் என்ற நம்பிக்கை உள்ளவருக்குத்தான் தொகையைக் காதில் வாங்காமல் இருக்க முடியும். பத்து ரூபாய் வந்ததா இல்லையா என்பது அன்றைய லாபத்தையே மாற்றிவிடுகிற கடையில் அந்தச் சத்தம் வேண்டும்.

விலை விஷயத்திலும் இதே பிளவு. ஆரோவிலில் 2006-இல் சோலார் கிச்சன் கட்டடத்தில் தொடங்கிய 'பூர் தூ' விநியோக மையத்தில் பொருள்களின் மேல் விலை ஒட்டியிருக்காது. உறுப்பினர் மாதந்தோறும் ஒரு தொகையைக் கணக்கிலிருந்து செலுத்துகிறார், தேவையை எடுத்துக்கொள்கிறார். எடுத்தது எவ்வளவு என்று பதிவாகும், ஆனால் அலமாரி முன்னால் நிற்கும்போது விலை கண்ணில் படாது. வாங்குகிறவரின் மனத்தைப் பழக்குவதற்காகவே செய்த ஏற்பாடு இது. யூபிஐயும் வாங்குகிறவரின் மனத்தைப் பழக்கியிருக்கிறது, ஆனால் மறுமுனைக்கு. 47 ரூபாய் என்றால் 47 ரூபாயேதான். மூன்று ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் போயிற்று. 'சில்லறை இல்லண்ணா, அடுத்த வாட்டி தரேன்' என்பதும் போயிற்று. அந்த மிட்டாய்க்காக யாரும் அழப்போவதில்லை. ஆனால் 'அடுத்த வாட்டி' என்ற சொல்லில் ஒரு தொடர்ச்சி இருந்தது, அது அறுந்திருக்கிறது.

நான் இந்த ஒப்பீட்டைத் தொடங்கியபோது எதிர்பாராத இடம் இங்கேதான் வந்தது. ஆரோவில் முறை வெளிநாட்டார் கொண்டுவந்த விநோதம், யூபிஐ நம்மூர்ச் சரக்கு என்பதுதான் பொதுவான எண்ணம். பழக்கத்தின் கணக்கில் பார்த்தால் நிலைமை தலைகீழ். ஊரின் மளிகைக் கடையில் தொங்கும் கடன் நோட்டை எடுத்துப் பாருங்கள். பக்கத்தின் தலைப்பில் ஆள் பெயர். சில நேரம் பெயர்கூட இல்லை, 'மேஸ்திரி வீடு' என்று இருக்கும். கீழே தேதி, பொருள், தொகை. வாரக்கூலி வரும் சனிக்கிழமை கொஞ்சம் வரவு, மிச்சம் அடுத்த வாரத்துக்கு. ஆள் யாரென்று கடைக்குத் தெரியும். பணம் அந்த நிமிடமே கைமாற வேண்டியதில்லை. கணக்கு ஒரே இடத்தில் தொடர்ந்து ஓடும். நிதிச் சேவை அலுவலகத்தின் கணக்கு இதே உருவம்தான், அளவில் பெரியது. ஆரோவிலுக்கு வந்த பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் பணமில்லாச் சமூகத்துக்கு வழி தேடிப் போய் நின்ற இடம், அண்ணாச்சி கடை நோட்டு. அவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

யூபிஐதான் ஊருக்குப் புதுசு. யாரென்று தெரியாத இருவருக்கு நடுவே, அந்த நொடியிலேயே தீர்ந்துவிடுகிற கொடுக்கல் வாங்கல். மிச்சம் என்று ஒன்று இல்லை. 'பர்ஸ எடுத்துட்டு வரலண்ணா' என்ற சமாளிப்பு செத்துப்போய் 'சர்வர் டவுன், நைட்டு அனுப்புறேன்' என்பது அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. கடன் ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2022-இல் ரூபே கடன் அட்டையை யூபிஐயில் இணைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது முதல், அதே ஸ்கேனரில் வங்கிக் கடனிலும் சோப்பு வாங்கலாம். வட்டியும் தவணைத் தேதியும் அண்ணாச்சியிடம் இல்லாதவை.

கடன் நோட்டின் அருமை மழைக்காலத்தில் தெரியும். மரக்காணத்தில் உப்பு வார்ப்பது வெயில் காலத்து வேலை. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்தி தண்ணீருக்குள் போய்விடும், கூலி நின்றுவிடும். வேலையில்லாத அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது. அது வங்கிக் கணக்குக்கு வரும். வரும்வரை, வந்து தீர்ந்த பிறகு, கடலோரக் கிராமங்களை ஓட்டுவது நோட்டுதான். ஆள் நல்லவர், ஜனவரியில் வேலை தொடங்கியதும் கொடுத்துவிடுவார் என்ற தகவலை எழுதிவைக்க எந்தச் செயலியிலும் இடம் கிடையாது.

ஆரோவில் கணக்கின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: எல்லை. ஆரோவில் அமைப்புக்குள் வராத கடையில் ஆரோகார்டு வெறும் பிளாஸ்டிக். அது செல்லும் இடத்தையும் செல்லாத இடத்தையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே போனால், சர்வே எண் பார்க்காமலே ஆரோவிலின் வரைபடம் கிடைத்துவிடும். பயணிக்கு இது சின்னத் தொல்லை. குயிலாப்பாளையத்துக்காரருக்கு இது வாழ்க்கையின் அமைப்பு. சுற்றுக் கிராமங்களிலிருந்து பல ஆயிரம் பேர் ஆரோவில் வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். பணம் புழங்கக் கூடாது என்ற நகரத்தில் அவர்களுடைய உழைப்பு மட்டும் ரூபாயில் அளக்கப்படுகிறது. அவர்களில் ஒருவர் காலையில் உள்ளே போய் மௌனக் கணக்கு நடக்கும் சமையலறையைக் கழுவுகிறார். மாலையில் வெளியே வந்து சத்தம் போடும் பெட்டிக்கு முன்னால் தக்காளி வாங்குகிறார். முதல் முறையில் அவருக்குக் கணக்கு எண் கிடையாது. இரண்டாவதில் உண்டு. தெருவோரத்தில் சங்குமாலை விற்கிறவரையும், காரில் வந்து இறங்குகிறவரையும் ஒரே முறைக்குள் கொண்டுவந்ததில் யூபிஐ செய்ததை ஆரோவில் செய்யவில்லை. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு மௌனத்தின் அழகை மட்டும் பாராட்டுவது நேர்மையாகாது.

இனி பிசகு. ஆரோவில் கணக்கில் தவறுதலாகப் பற்று விழுந்தால் செய்ய வேண்டியது எளிது. அலுவலகம் திறக்கும் நேரத்துக்குப் போய், அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வேண்டும். அவர் சரி செய்வார், அல்லது வாதாடுவார். எதுவானாலும் எதிரே ஒரு முகம் இருக்கிறது. யூபிஐயில் பணம் கணக்கிலிருந்து போய், கடைக்காரருக்கு வராமல், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தனிநபருக்கு அனுப்பியது சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது உறுதிப்படாவிட்டால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்பிவிட வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. நல்ல விதி. ஆரோவில் கவுண்டருக்கு இப்படி எழுதிவைத்த நாள்கெடு எதுவும் இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் டீக்கடையில் நின்று 'போயிடுச்சுண்ணா', 'வரலையேப்பா' என்று இழுபறி நடக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு எந்தச் சுற்றறிக்கையும் உதவாது. இரண்டாம் தடவை கொடுத்துவிட்டுப் போகிறவர் உண்டு, 'பரவால்ல, வந்தா வரட்டும் போங்க' என்கிற கடைக்காரரும் உண்டு. முறை அறுந்த இடத்தைப் பழக்கம் தைக்கிறது.

2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுவதும் யூபிஐ மணிக்கணக்கில் தடுமாறியது. அப்போது நகரத்து ஆட்கள் பட்ட பாடு செய்தியானது. இந்தக் கடற்கரைக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை 2024 நவம்பர் 30 இரவு வந்த ஃபெஞ்சல் புயல். புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து நகராமல் நின்றது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. மின்சாரம் போனால் சில மணி நேரத்தில் டவரும் படுத்துவிடும். போனில் சார்ஜும் தீர்ந்துவிடும். அப்போது பால் வேண்டுமென்றால் ரொக்கம், இல்லாவிட்டால் தெரிந்த முகம். 2011 டிசம்பரில் தானே புயல் இதே பகுதியைச் சூறையாடியபோது யூபிஐ இல்லை. மின்சாரம் நாள்கணக்கில் வராதபோதும் கடைகள் நோட்டில் எழுதிக்கொண்டு ஓடின. ரொக்கத்தைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்ட சுவீடனே 2024-இல் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக் காலக் கையேட்டில், ஒரு வாரத் தேவைக்காவது ரொக்கம் வைத்திருங்கள் என்று மக்களுக்குச் சொன்னது. பேரேட்டு முறைக்கு இந்த விஷயத்தில் ஓர் அனுகூலம்: மின்சாரம் இல்லாவிட்டாலும் துண்டுச்சீட்டில் எண்ணை எழுதிவைத்துப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு வந்தால் இரண்டு பக்கமும் சமாதானமாக இல்லை. ஆரோவில்வாசியின் செலவு முழுவதும் அவர் தினமும் முகம் பார்க்கும் மனிதர்கள் நடத்தும் அலுவலகத்தில் பதிவாகிறது. சிறு சமூகத்தில் அது கூச்சம் தரக்கூடியது. கடைக்காரரின் பயம் வேறு. 2025 ஜூலையில் பெங்களூரில் யூபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. 'யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று சிலர் எழுதி மாட்டினார்கள். சரக்குக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்ற வரம்புக்குள் இருக்கும் கடைக்கு இதனால் ஒன்றும் இல்லை. ஆனாலும் பெங்களூர்ப் பயணிகளையே நம்பியிருக்கும் ஒரு சாலையில் அந்தச் செய்திக்குத் தனிக் காது உண்டு.

சொந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பழக்கம். 2025 ஆகஸ்ட் முதல் ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 தடவைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது என்று பணப்பட்டுவாடாக் கழகம் கட்டுப்பாடு போட்டது, சர்வரின் சுமை குறைய. வரம்பு போடும் அளவுக்குப் பார்க்கிறோம் என்றால், மடியில் முடிந்த காசைத் தொட்டுப் பார்க்கும் கை எங்கேயும் போய்விடவில்லை.

இந்த இரண்டு முறைகளையும் வடிவமைத்தவர்கள் மனத்தில் இருந்தது ஓர் ஆள், ஒரு கணக்கு. யூபிஐயில் அதோடு ஒரு போனும், அதில் வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மும். குயிலாப்பாளையத்து வீடுகளில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதில்லை. கணக்கு அம்மாவுடையது, வங்கியில் கொடுத்த எண் மகனுடையது, ஆகவே செயலி மகன் போனில். பின் நம்பர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் சாதாரண பட்டன் போனுக்காக 'யூபிஐ 123பே' வந்தது. 2024 ஆகஸ்டில் 'யூபிஐ சர்க்கிள்' வந்தது: கணக்குக்காரர் தன் செயலி வழியாக இன்னொருவருக்கு மாதம் 15,000 ரூபாய் வரை செலவழிக்க அதிகாரம் கொடுக்கலாம். அதில் கணக்குக்காரரிடம்தான் ஸ்மார்ட்போன் இருக்கும், மற்றவர் அவரை அண்டியிருப்பார் என்று வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். இங்கே கணக்குக்காரி கையில் போன் இல்லை. அண்டியிருக்கிற பையன் கையில் இருக்கிறது. ஆரோவில் முறையில் போனே வேண்டாம், எண்ணை வாயால் சொன்னால் போதும். படிக்காத ஒரு மூதாட்டிக்கு மிகப் பொருத்தமான முறை அதுதான். அவருக்குத்தான் அது கிடைக்காது.

2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் ஒரு கோடிக்கும் மேலான பெண்களின் கணக்கில் ஏறுகிறது. முதல் மாதமே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதில் கைவைத்தன. அரசு கண்டித்த பிறகு நிறுத்திக்கொண்டன. நிறுத்தினாலும் பாடம் பதிந்துவிட்டது. பணம் ஏறிய சேதி தெரிந்ததும் கார்டையும் துண்டுச்சீட்டில் எழுதிய நம்பரையும் பேத்தியிடம் கொடுத்து, ஏடிஎம்மில் முழுத் தொகையையும் அன்றே எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. ஒரு ஐநூறு மளிகைக் கடை நோட்டில் வரவாகிறது. மற்ற ஐநூறு வீட்டில் இருக்கும், பையனுக்குத் தெரியாத இடத்தில்.